குங்கிலிய வெண்ணெய் போட்ட புண்ணைச் சுற்றி ஏன் இப்படி அரிக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் மாட்டுத் தொட்டி விளிம்பில் இடித்துக்கொண்டதில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் தோல் உரிந்து ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண்ணாகிவிட்டது. என் பெரியம்மா குங்கிலிய வெண்ணெய் வாங்கி வந்து தினமும் தடவி, வேட்டித் துணியால் கட்டினார். முதல் வாரம் புண் நன்றாகவே ஆறி வந்தது. பத்தாம் நாளிலிருந்து புண்ணைச் சுற்றி ஒரே அரிப்பு. தோல் சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்து, உடைந்து நீர் வடிகிறது. சிவப்பு சரியாகக் கட்டுத் துணி முடிகிற இடத்தோடு நின்றுவிடுகிறது. பெரியம்மா, “உடம்பில் எதிர்ப்பு சக்தி கிளம்பிவிட்டது, கெட்ட நீர் வெளியேறுகிறது, இப்போது நிறுத்தக் கூடாது” என்கிறார். தம்பி மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் பொடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். என் மகன் கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டால்கூட நாங்கள் இந்த வெண்ணெயைத்தான் தடவுவோம். இனி என்ன செய்வது? (ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்:

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். வெண்ணெய் தடவுவதை இன்றே நிறுத்துங்கள். தம்பி வாங்கிய பொடியையும் இப்போதைக்குப் போட வேண்டாம். நாளைக் காலை அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், குளிர், காலில் புது வீக்கம், சிவப்பு கட்டைத் தாண்டிப் பரவுவது, துர்நாற்றம், தோல் கறுப்பது, சர்க்கரை அளவு திடீரென்று ஏறுவது, இதில் எது தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். “சிவப்பு சரியாகக் கட்டுத் துணி முடிகிற இடத்தோடு நின்றுவிடுகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதியதற்கு நன்றி. தோல் மருத்துவர்கள் தேடுவது இதைத்தான். கிருமியால் வரும் அழற்சிக்குக் கட்டுத் துணியின் ஓரம் எது என்று தெரியாது. அது தன் போக்கில் மேலே ஏறும், தொட்டால் சுடும், வலிக்கும். தடவிய பொருளால் வரும் அலர்ஜியோ அந்தப் பொருள் பட்ட இடத்தோடு நிற்கும், வலியைவிட அரிப்பு அதிகமாக இருக்கும், கொப்புளம் சின்னச் சின்னதாகக் கூட்டமாக வரும். நீங்கள் எழுதியிருப்பது முழுக்க இரண்டாவதன் அடையாளம். ஆனாலும் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நேரில் காட்டுங்கள் என்கிறேன். 12 வருடச் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம், அப்படியிருந்தால் கிருமி உள்ளே போனாலும் வலி தெரியாது. சொறிந்த தோல் வழியாகக் கிருமி நுழைவதும் சுலபம். அலர்ஜியும் கிருமித் தொற்றும் ஒரே காலில் ஒன்றாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி கிளம்பியிருக்கிறது என்று அவர் சொல்வது உண்மைதான். அது அம்மாவுக்கு நல்லது செய்கிறது என்று நினைப்பதில்தான் தவறு.

குங்கிலியம் ஒரு மரப் பிசின். அந்தப் பிசினில் இருக்கும் சில பொருள்கள் மிகச் சிறியவை. தனியாக இருக்கும்வரை நம் உடம்பு அவற்றைச் சட்டை செய்யாது. அவை தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, அந்தப் புரதம் உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவல் இருக்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நெறிகட்டும் இடமான நிணநீர் முடிச்சுக்குப் போய், டி செல்கள் என்னும் வெள்ளணுக்களிடம் காட்டும். அந்த அணுக்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பெருகும். இதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அதனால்தான் முதல் வாரம் எல்லாம் நன்றாக இருந்து, பத்தாம் நாள் அரிப்பு தொடங்கியது. பெருகிய அணுக்கள் திரும்பி வந்து, அந்தப் பொருள் ஒட்டிய தோல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தாக்கும். கொப்புளமும் வடிகிற நீரும் அந்தத் தாக்குதலில் வருபவை. ரத்தக் குழாயிலிருந்து கசிகிற தெளிந்த நீர் அது, அதில் கெட்டது எதுவும் வெளியேறவில்லை. தொடர்ந்து தடவினால் நல்ல தோலும் புண்ணாகும், ஆறிக்கொண்டிருந்த புண்ணும் பின்வாங்கும்.

இந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். அடுத்த முறை பத்து நாள் எடுத்துக்கொள்ளாது, ஓரிரு நாளில் வந்துவிடும்.

அப்படியானால் குங்கிலியம் கெட்டதா? அப்படிச் சொல்ல மாட்டேன். பிசின் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் மருந்து. பட்டையில் வெட்டு விழுந்தால் வடிந்து, காற்றில் இறுகி, பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகாமல் அடைத்துக்கொள்ளும். குங்கிலியம் சால் மரத்தின் பிசின். அதைத் தூளாக்கி எண்ணெயில் உருக்கி, வடிகட்டி, தண்ணீர் விட்டு விட்டுக் கடைந்து கழுவினால் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகத் திரண்டு வரும். அந்தக் கைவேலை மீது எனக்கு மரியாதை உண்டு. சால் பிசின் களிம்பை எலிகளின் காயத்தில் போட்டுப் பார்த்த ஆய்வுகள் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன. காயம் சீக்கிரம் சுருங்கியது, ஆறிய தோலின் உறுதியும் கூடியது என்பது அவற்றின் முடிவு.

மனிதர்களிடம் செய்த ஆய்வில் நன்கு தெரிந்தது பின்லாந்திலிருந்து வந்தது. வடக்கே லாப்லாந்தில் ஸ்புரூஸ் மரப் பிசினை வெண்ணெயிலோ கொழுப்பிலோ காய்ச்சிப் புண்ணுக்குப் போடுவது பாட்டி காலத்துப் பழக்கம். அந்தக் களிம்பைப் படுக்கைப் புண் வந்த 37 நோயாளிகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஆறு மாதச் சிகிச்சையை முடித்தவர்களில், பிசின் களிம்பு போட்ட 13 பேரில் 12 பேருக்குப் புண் முழுதாக ஆறியது. வழக்கமான கட்டுப் போட்ட 9 பேரில் 4 பேருக்குத்தான் ஆறியது. நல்ல முடிவுதான். ஆனால் 37 பேரில் தொடங்கி 22 பேரில் முடிந்த ஆய்வு அது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வேறு மரத்துப் பிசின், கண்காணித்துத் தயாரித்த களிம்பு என்பதையும் மறக்கக் கூடாது.

அதே களிம்பைச் சோதனைக்கூடத்தில் கிருமிகள் மேல் வைத்துப் பார்த்தபோது, கிராம்-பாசிட்டிவ் என்னும் வகைக் கிருமிகளின் வளர்ச்சி நின்றது. ஆஸ்பத்திரிகளை ஆட்டிவைக்கும், பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ்கூட அதில் அடக்கம். கிராம்-நெகட்டிவ் என்னும் அடுத்த வகையில் ஒன்றைத் தவிர மற்றவை அசையவில்லை. நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் பச்சை நிறச் சீழோடு வரும் சூடோமோனாஸ் இந்த இரண்டாவது வகை. அதனால், “பிசின் கிருமியைக் கொல்லும், வேறு எதுவும் வேண்டாம்” என்ற நம்பிக்கை உங்கள் அம்மாவின் கால் விஷயத்தில் ஆபத்தானது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதுகுத் தண்டில் நீர் எடுத்த பிறகு, ஊசி குத்திய துளையை டிங்சர் பென்சாயினில் நனைத்த பஞ்சால் அடைப்போம். பென்சாயின் என்பது வேறொன்றுமில்லை, நாம் சாம்பிராணி என்கிறோமே, அதே பிசின்தான், சாராயத்தில் கரைத்தது. ஒரு பெண்ணுக்கு நான் தாராளமாகவே ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். “ஏம்மா, பிளாஸ்திரி ஒட்டினா எனக்கு எப்பவும் இப்படித்தான் ஆகும், நீங்க கேக்கவே இல்லையே” என்றார். ஆமாம், நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் ஒட்டுகிற எதையும் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். நீங்களும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பழைய வகைப் பிளாஸ்திரியின் பசையில் பைன் மரப் பிசின், அதாவது ரோசின், சேர்ந்திருக்கும். பிளாஸ்திரி ஒட்டிய இடம் அரித்திருந்தால் பிசின் அலர்ஜிக்கு அது பெரிய துப்பு. ரோசின், சாம்பிராணி, பெரு பால்சம் ஆகிய மரப் பிசின்களில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது அடிக்கடி நடக்கிறது. (ஸ்டிக்கர் பொட்டால் நெற்றி அரிப்பது பெரும்பாலும் வேறு ரசாயனத்தால். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ரோசினைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. வாசனைக்குப் புகைக்கவென்று கடையில் விற்கும் சாம்பிராணி, குங்கிலியக் கட்டிகளில் விலை குறைந்த ரோசினைக் கலப்பது உண்டு. உருக்கிவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரோசினின் முக்கியப் பொருள் அபியெடிக் அமிலம். புதிதாக இருக்கும்போது அது பெரிய தொந்தரவு தராது. தூளாகிக் காற்றுப் பட்டு நாள் ஆக ஆக, ஆக்சிஜனோடு சேர்ந்து அலர்ஜியை வலுவாகத் தூண்டும் பொருள்களாக மாறிவிடும். அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் மூடி சரியில்லாத டப்பாவில் வருடக்கணக்கில் இருக்கும் பிசின் தூளை நினைத்துப் பாருங்கள். “பழசாக ஆக வீரியம் கூடும்” என்பார்கள். பிசினில் கூடுவது இந்த வீரியமாகவும் இருக்கலாம்.

அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதது குங்கிலியமா, கலந்த ரோசினா, களிம்பில் சேர்த்த வேறு எதுவுமா என்பதை உங்கள் கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டக் கூடாது. களிம்பு எங்கே வாங்கியது என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். டப்பாவில் உரிம எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். புண்ணுக்கான சில நாட்டுக் களிம்புகளில் மயில்துத்தம், மிருதார்சிங்கி, லிங்கம் சேர்ப்பது உண்டு. துத்தம் செம்பு, மிருதார்சிங்கி ஈயம், லிங்கம் பாதரசம். தோல் இல்லாத திறந்த புண்ணில் நாள்கணக்கில் தடவினால் இவை உடம்புக்குள் இறங்கும். பட்டியல் இல்லாத டப்பாவில் என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் புண்ணில் போடவே வேண்டாம்.

சரி, தம்பியின் பொடி. அவன் அக்கறையில்தான் வாங்கியிருக்கிறான், அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பல பொடிகளில் நியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் இருக்கிறது. கால் புண்ணில் அலர்ஜி உண்டாக்கும் பொருள்களில் நியோமைசினுக்கு முன்வரிசை இடம் உண்டு. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் தோலில் புதிதாக ஒன்றைப் போட்டால், அதற்கும் அலர்ஜி பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும். பொடி நீரோடு சேர்ந்து பொருக்காகி, அடியில் சீழ் கட்டினாலும் தெரியாமல் மறைத்துவிடும். நாள்பட்ட கால் புண் உள்ளவர்கள் நாங்கள் சோதிக்கும் பொருள்களில் ஒன்றுக்காவது அலர்ஜி காட்டுவது மிகச் சாதாரணம். பிசின் களிம்பு, பொடி, வாசனை எண்ணெய் என்று மாற்றி மாற்றிப் போடுவதுதான் காரணம். புண்ணின் மேல் எவ்வளவு குறைவான பொருள் படுகிறதோ அவ்வளவு நல்லது.

இன்றிரவு என்ன செய்யலாம் என்றால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையோ மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனையோ ஊற்றிப் புண்ணைக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலில் ஒட்டியிருக்கும் களிம்பு தண்ணீருக்கு வராது. வாசனை சேர்க்காத வெறும் வாசலைனைப் பஞ்சில் தொட்டு, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். பிசின் போக மண்ணெண்ணெய், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் பழக்கம் வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து அது வேண்டாம். பிறகு வாசலைன் தடவிய ஒட்டாத காஸ் துணியை வைத்து லேசாகக் கட்டுங்கள். பிளாஸ்திரி ஒட்டாமல் துணியையே சுற்றி முடிச்சுப் போடுங்கள். அம்மாவின் நகங்களை வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் சொறிவதை நம்மால் தடுக்க முடியாது.

மருத்துவர் பெரும்பாலும் சுற்றியுள்ள தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார். புண்ணுக்குள் படாமல், அவர் சொன்ன நாள்வரை மட்டும் தடவுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைப்பட்டால் அம்மாவின் சர்க்கரையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அளவு எகிறிவிடும். நீங்களாகக் கடையில் எதையும் வாங்கித் தர வேண்டாம். ஒரு மாதமாகப் புண் மூடவில்லை என்பதற்குக் களிம்பு மட்டும் காரணமாக இருக்காது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு, பாதத்தில் நாடித் துடிப்பு கிடைக்கிறதா, நரம்புச் சுருள் இருக்கிறதா, உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கால் வீங்குகிறதென்று நீங்களே இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலில் இறுக்கக் கட்டு போட்டால் காலுக்கே ஆபத்து.

மகனின் சிராய்ப்புக்கு வருவோம். இதுவரை அவனுக்கு எதுவும் வரவில்லை என்றால் பழையதை நினைத்துப் பயப்பட வேண்டாம். இனிமேல் குழாய்த் தண்ணீரில் மண் போகக் கழுவி, வாசலைன் தடவி மூடினாலே போதும், சிராய்ப்பு ஆறிவிடும். தடுப்பூசி அட்டையை எடுத்து, டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி வயதுக்குத் தகுந்தபடி போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது சித்த மருத்துவர் சொல்லிக் குங்கிலிய வெண்ணெய் போடத்தான் போகிறார்கள் என்றால், முதலில் முழங்கை மடிப்புக்குக் கீழே ஐம்பது காசு அளவுக்கு ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் தடவிப் பார்க்கட்டும். அரித்தால், சிவந்தால் உடனே நிறுத்திக் கழுவ வேண்டும். அரிக்கவில்லை என்றாலும் பின்னால் வரவே வராது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. ஆழமான புண், ஆணி குத்தியது, பெரிய தீப்புண், கண்ணுக்கு அருகில் உள்ள காயம் ஆகியவற்றுக்கு எந்தப் பிசினும் வேண்டாம். நாய்க்கடிக்கு நிச்சயமாக வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போக வேண்டும். மேலே வீட்டு மருந்து எதையும் பூசக் கூடாது.

அம்மாவின் தோல் முழுதாக அடங்கிய பிறகு, ஒன்றரை மாதம் போல விட்டு, தோல் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பாட்ச் டெஸ்ட் செய்யுங்கள். முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ரோசின், பெரு பால்சம், நியோமைசின் போன்றவற்றைத் தனித்தனியாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். நான்காம் நாள் இன்னொரு முறை பார்ப்பார்கள், சில சமயம் ஏழாம் நாளும் வரச் சொல்வார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கும் வேலையும் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் போகாமல் கொஞ்சம் குளிர்ந்த மாதத்தில் போவது அம்மாவுக்கு வசதி. எது என்று தெரிந்ததும் அதன் பெயரைச் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஊசி போடும் நர்ஸம்மாவிடமும் கட்டுக் கட்டுபவரிடமும் நோட்டைக் காட்டி, காகித டேப் ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அம்மாவின் கண் இமையும் முகமும் அரிக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அந்த வெண்ணெய் டப்பாவைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இறுக மூடி ஒரு பையில் போட்டு, நாளை மருத்துவரிடமும் பிறகு டெஸ்டுக்கும் கூடவே எடுத்துப் போங்கள். முடிந்தால் பெரியம்மாவையும் அழைத்துப் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு தடவினார், எங்கே வாங்கினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.